ஏரியை முன்பே காலி செய்தால் என்ன? (வாசகர் கேள்வி – பதில்)

கே: மழை வருமென்று தெரிந்ததுமே செம்பரம்பாக்கம் ஏரியைக் காலி செய்துவிட்டால், 2015 சென்னை வெள்ளத்தில் நடந்ததுபோல் மறுபடி நடக்காதே? – வாசகி, முடிச்சூர்

ப: கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. உயரம் 24 அடி. விநாடிக்கு 1,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கத் திறந்தால் 86.4 மில்லியன் கன அடி வெளியேறும். நிரம்பிய ஏரி பாதியாக அந்த வேகத்தில் 21 நாளாகும். 5,000 கன அடி திறந்தால் நாலு நாள் சொச்சம். ஆனால் எந்த ஏரியின் தலையில் மழை கொட்டும் என்பது நாலு நாள் முன்பே உறுதியாகத் தெரிவதில்லை.

நீர்வரத்தையும் பாருங்கள். நீர்ப்பிடிப்புப் பகுதி சுமார் 350 சதுர கி.மீ. அதில் 100 மி.மீ. பெய்து அத்தனையும் ஓடிவந்தால் ஏறக்குறைய 1,240 மில்லியன் கன அடி. வறண்ட மண்ணாக இருந்தால் பெரும்பகுதியைக் குடித்துவிடும்; 2015 நவம்பர் மழையில் ஊறிக் கிடந்த மண்ணுக்கு அந்தத் தாகம் இல்லை. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 490 மி.மீ. பதிவானது. அதே மழை நீர்ப்பிடிப்புப் பகுதி முழுக்கப் பெய்து அறுபது சதவீதம் ஓடிவந்தாலே போதும், காலி ஏரியும் நிரம்பிவிடும்.

அதற்காக, ஒரே ராத்திரியில் 29,000 கன அடி வரை திறந்துவிட்டதை நியாயப்படுத்த முடியாது; தணிக்கை அறிக்கையே அதைக் குறை சொன்னது. 22 அடியைத் தொடும்போதே கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பதுதான் விவேகம். மொத்தமாகக் காலி செய்துவிட்டு மழை ஏமாற்றினால் என்ன ஆகும் என்பதை, ஏரிகள் வறண்ட 2019 கோடையில் சென்னை பார்த்துவிட்டது.

இன்னொன்று: செம்பரம்பாக்கம் உபரிநீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலை அருகே. முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது. மதகை இழுத்து மூடினாலும் ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் உங்கள் தெருவுக்கு வரத்தான் செய்யும். நீங்கள் விசாரிக்க வேண்டியது அந்த ஏரிகளின் மட்டத்தை.

கே: வெள்ளம் புகுந்த சம்ப்புக்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போட வேண்டும்? – வாசகர், வேளச்சேரி

ப: பவுடருக்கு முன்னால் பொறுமை வேண்டும். சுற்றிலும் நிலத்தடி நீர் மேலே நிற்கும்போது சம்ப்பை ஒரேயடியாக இறைத்தால், வெளி அழுத்தத்தில் தரை விரிசல் விடும். பிளாஸ்டிக் தொட்டியென்றால் கிளம்பி மேலே வந்துவிடும். தெருத் தண்ணீர் வடிந்தபின் மோட்டாரின் மின் இணைப்பைத் துண்டித்து, வேறு பம்பு வைத்து இறையுங்கள். மூடியை நன்றாகத் திறந்துவைத்துக் காற்றோட்டம் கொடுங்கள். உள்ளே யாரும் தனியாக இறங்கக் கூடாது. பெட்ரோல் பம்பை உள்ளே இறக்கவே கூடாது, அதன் புகை ஆளைக் கொல்லும்.

சேற்றை வழித்துச் சுவரைத் தேய்த்துக் கழுவியபின் நல்ல தண்ணீர் நிரப்புங்கள். 33 சதவீத குளோரின் உள்ள பவுடர் என்றால் 1,000 லிட்டருக்கு 150 கிராம், 5,000 லிட்டர் சம்ப்புக்கு முக்கால் கிலோ. பிளாஸ்டிக் வாளியில் கூழாகக் கரைத்துத் தண்ணீர் சேர்த்து, பத்து நிமிடம் சுண்ணாம்பு படியவிட்டு, தெளிவை மட்டும் ஊற்றுங்கள். 24 மணி நேரம் கழித்து அத்தனையையும் வெளியேற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடியுங்கள். மருந்துத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. அதற்குப் பிறகும் சில நாள் காய்ச்சிக் குடிப்பது நல்லது.

பலருக்குப் பலிக்காமல் போவதற்குக் காரணம் இரண்டு. சேறு மிச்சமிருந்தால் குளோரினை அது தின்றுவிடும். திறந்து கிடந்த பழைய பவுடரில் வீரியம் இருக்காது. மூடி திறந்ததும் மூக்கில் ஏறவில்லையென்றால் வேறு வாங்குங்கள். கழிப்பறை ஆசிட்டை இதோடு சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும்.

கே: புயல் கரையைக் கடக்கத் தொடங்கிய பிறகு காற்று சட்டென நின்றால் வெளியே போகலாமா? – வாசகர், மரக்காணம்

ப: போகக் கூடாது. அது புயலின் கண்ணாக, அதாவது நடுவில் காற்றடங்கிய பகுதியாக இருக்கலாம். அது விலகியதும் எதிர்த் திசையிலிருந்து காற்று அடிக்கும், முதல் வீச்சில் சாய்ந்து நின்ற மரமும் கூரையும் அப்போதுதான் விழும். காற்று அடங்கினாலும் மழை அடங்கியதாகாது: 2024 நவம்பர் 30 இரவு கரையேறிய ஃபெஞ்சல் புயல், புதுச்சேரி அருகே நகராமல் நின்று கொட்டித் தீர்த்தது. வானிலை மையம் 'வலுவிழந்தது' என்று சொன்னாலும், உங்கள் ஊருக்கு மேலே உள்ள அணையில் நீர்த் திறப்பு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.