முதல் ரைஃபிளுக்காகச் சிட்டியைத் தள்ளி எடுக்கலாமா?

கேள்வி: ஐயா, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறை பக்கத்தில் சிறு தென்னந்தோப்பும் நான்கு கறவை மாடுகளும் வைத்துக் குடும்பம் நடத்தி வருகிறேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள், ஓராண்டாகக் கோவையில் ஒரு கிளப்பில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகி வருகிறாள். இப்போது கிளப்பின் ரைஃபிளைப் பயன்படுத்துகிறாள். சொந்தமாக ஒன்று இருந்தால் நல்லது என்று பயிற்சியாளர் சொல்கிறார். கூட்டுறவு வங்கியில் 1,20,000 ரூபாய் வைப்புத்தொகை இருக்கிறது. கேரள அரசின் நிறுவனமான கேஎஸ்எஃப்இ-யில் 2,00,000 ரூபாய்ச் சிட்டி (சீட்டு) ஒன்றில், மாதம் 5,000 வீதம் 40 தவணைகளில் 14 தவணைகள் கட்டிவிட்டேன். தள்ளின், அதாவது முன்கூட்டி எடுப்பவர் விட்டுக்கொடுக்கும் கழிவின், உச்ச வரம்பு 30 சதவீதம். இன்னும் அந்த வரம்பிலேயே பலர் கேட்பதால் குலுக்கல்தான் நடக்கிறது. சிட்டித் தவணை போக மாதம் 6,000 ரூபாய் மிஞ்சும். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்த உறவினர் ஒருவர், பீப்பாய், டிரிகர், ஸ்டாக் எல்லாவற்றையும் தனித்தனியே வாங்கிப் பட்டறையில் பொருத்தினால் பாதி விலையில் முடிந்துவிடும் என்கிறார். சிட்டியை எடுத்து அப்படிச் செய்யலாமா?

பதில்: உறவினர் சொன்ன வழியை முதலில் விலக்கிவிடுகிறேன், ஏனென்றால் அதில் இழப்பது பணம் மட்டுமாக இருக்காது. அமெரிக்காவில் ரிசீவர் எனப்படும் ஒரு பாகத்தைத்தான் சட்டம் துப்பாக்கியாகக் கருதுகிறது. மற்ற பாகங்களைக் கடையில் வாங்கி வீட்டிலேயே பொருத்திக்கொள்வது அங்கே பரவலான பழக்கம். நம் நாட்டின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்திலோ, துப்பாக்கி என்ற சொல்லின் வரையறைக்குள்ளேயே அதன் பாகங்களும் அடங்கிவிடுகின்றன. உரிமமின்றி ஒன்றைத் தயாரிப்பதற்கு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, ஏழு ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத்தண்டனை உண்டு. அது ஆயுள் வரை நீளலாம். குழாயின் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்குத்தான் உரிமம் தேவையில்லை. போட்டி ரைஃபிள்கள் ஏறத்தாழ 7.5 ஜூல் அளவில் இயங்குபவை. பட்டறையில் பொருத்தியது எத்தனை ஜூல் தரும் என்பதை அளந்து சொல்ல உங்கள் ஊரில் யாரும் இருக்கமாட்டார்கள். மேலும், வெல்டிங் பட்டறைகளில், ரைஃபிளுக்கு அழுத்தக் காற்றைத் தரும் உருளையை ஆக்சிஜனால் நிரப்பிப் பார்க்கும் ஆசை வரக்கூடும். உயர் அழுத்த ஆக்சிஜன் எண்ணெய்ப் பிசுக்கைத் தொட்டால் வெடிக்கும். உங்கள் மகள் கன்னத்தை வைத்துக் குறிபார்க்கும் கருவியில் அப்படிப்பட்ட சோதனை எதுவும் வேண்டாம்.

இனி சிட்டிக் கணக்குக்கு வருவோம். இந்த மாதமே குலுக்கலில் உங்களுக்கு விழுந்தால் 60,000 ரூபாய் தள்ளுப் போக 1,40,000 கைக்கு வரும். நிறுவனத்தின் கமிஷன் 5 சதவீதம் என்று கொண்டால், அந்த 60,000-இல் 10,000 அதற்குப் போய்விடும். மீதி 50,000 நாற்பது பேருக்குப் பிரிந்து ஆளுக்கு 1,250 ரூபாய் கசராகும், அதாவது தவணையில் கழியும் பங்காகும். ஆகவே, அடுத்தடுத்த மாதங்களில் தவணை குறைந்து வருவது பிறர் தள்ளி எடுப்பதால் கிடைக்கும் பலன். நீங்களே தள்ளி எடுத்தால், அந்தப் பலனைப் போல் பல மடங்கை ஒரே நாளில் விட்டுக்கொடுக்கிறீர்கள். அதற்கு மேல், மீதமுள்ள 26 தவணைகளுக்கு ஜாமீனும் கொடுக்க வேண்டும். இன்னும் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு பொறுத்து, தள்ளு 15 சதவீதத்துக்கு இறங்கிய பிறகு எடுத்தால் 1,70,000 வரும். இடைப்பட்ட 30,000 ரூபாய், ஒரு ஷூட்டிங் ஜாக்கெட், பேண்ட் ஆகியவற்றின் செலவில் பெரும்பகுதியைத் தாங்கும். கன்று ஈனும் மாடு நோய்ப்பட்டாலோ, தேங்காய் விலை சரிந்தாலோ தாங்குவதற்கு உங்களிடம் இருப்பது அந்த 1,20,000 ரூபாய் வைப்புத்தொகை ஒன்றுதான் என்பதால், அதையும் உடைக்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

அப்படியானால் குழந்தையை காத்திருக்கச் சொல்வதா என்று கேட்பீர்கள். காத்திருக்க வேண்டியது ரைஃபிள் மட்டுமே. பயிற்சிக்கு அது தடையாகாது. இந்த விளையாட்டில் எந்தப் பொருள் உடலுக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ, அதற்குத்தான் முதல் பணம் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நின்றபடி அறுபது குண்டுகள் சுடும்போது ரைஃபிளைத் தாங்குவது இடுப்பில் ஊன்றிய இடது முழங்கையும், அதைச் சுற்றி இறுக்கிப் பிடித்த ஜாக்கெட்டும், ஆடாத பாதங்களுமே. கிளப்பின் ரைஃபிளை மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ளலாம். பிறர் அளவுக்குத் தைத்த ஜாக்கெட்டைப் பகிர முடியாது. எனவே மாதம் மிஞ்சும் 6,000 ரூபாயில் 3,500 ரூபாயை வங்கியில் ஓராண்டு ரெக்கரிங் டெபாசிட்டாகப் போடுங்கள். முடிவில் வட்டி நீங்கலாக 42,000 ரூபாய் சேரும். அதில் முதலில் ஜாக்கெட்டும் பேண்ட்டும், பிறகு காலணியும் கையுறையும் வாங்கலாம். மகள் வளரும் வயதில் இருப்பதால், பட்டன்களை நகர்த்தித் தைக்க இடம் இருக்கும்படி அளவெடுக்கச் சொல்லுங்கள். துணியின் தடிமன் ஒரு மடிப்புக்கு 2.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் சர்வதேச விதிப்படி போட்டியில் ஏற்கமாட்டார்கள் என்பதால், தைப்பவர் இந்தத் தொழிலில் பழகியவராக இருக்க வேண்டும்.

மீதி 2,500 குண்டுக்கும் பயணத்துக்கும். ஒரு நாளைக்கு எண்பது குண்டுகள், வாரத்துக்கு நான்கு நாள் என்றால் மாதத்துக்கு ஏறத்தாழ 1,300 குண்டுகள், அதாவது 500 கொண்ட டப்பாக்களில் மூன்று. பெற்றோர் பலர் ரைஃபிளின் விலையை விசாரித்துவிட்டு இந்தத் தொடர் செலவை விசாரிக்காமல் விட்டுவிடுகிறார்கள். பிறகு ரைஃபிள் அலமாரியில் தூங்குகிறது. குண்டின்றி, வெறுமனே குறிபார்த்து டிரிகரை அழுத்தும் பயிற்சிக்குச் செலவே இல்லை; கிளப்பின் ரைஃபிளில் அதையும் சேர்த்துச் செய்யலாமா என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள்.

ரைஃபிளைப் பொறுத்தவரை, பாகங்களைத் தேர்ந்தெடுக்கும் வேலை அதை வாங்கும்போதே உண்டு. பட்டறைக்குத்தான் அங்கே இடமில்லை. போட்டி ரைஃபிளின், தோளில் பதியும் பட் பிளேட்டையும் கன்னம் படும் துண்டையும் முன்கை தாங்கும் துண்டையும் மகளின் கழுத்து நீளத்துக்கும் தோள் அகலத்துக்கும் ஏற்ப நகர்த்த முடிய வேண்டும். பிற அம்சங்களுக்கு முன்னால் இதையே பாருங்கள். எடைக்கு விதி 5.5 கிலோ உச்ச வரம்பு வைத்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பெண் அதன் பக்கத்தில் போக வேண்டியதில்லை. பின்குறியில் சிறு துளை வழியே பார்க்கும் பீப் சைட் தரமானதாக இருக்கட்டும். பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் ஓபன் சைட் (துளையில்லாத திறந்த குறி), பீப் சைட் என்று பிரிவுகள் தனித்தனியாக இருப்பதால், எதில் நிற்கப் போகிறாள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். பீப்பாய் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். பெயர் பெற்ற தயாரிப்பாளர்களின் பீப்பாய், தொடக்க நிலையில் இருப்பவர்களின் திறமையைவிட வெகு தூரம் முன்னால் நிற்கிறது.

புதிய ஜெர்மன் ரைஃபிள்கள் பல இங்கே இரண்டு லட்சத்தைத் தாண்டுவதால் நீங்கள் பழையதைத்தான் தேடுவீர்கள், அதில் தவறில்லை. ஆனால் விலை பேசும் முன் காற்று உருளையில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். இந்த உருளைகளுக்குப் பொதுவாகத் தயாரிப்பாளர்கள் பத்து ஆண்டு ஆயுள் தருகிறார்கள், அது காலாவதியாகாமல் பார்த்துக்கொள்வது போட்டியாளரின் பொறுப்பு. 2017 என்று பொறித்த உருளை 2027-இல் முடிந்துவிடும். மாற்று உருளை கிடைக்குமா, என்ன விலை என்று தெரிந்துகொண்டு அந்தத் தொகையைக் கேட்கும் விலையிலிருந்து கழியுங்கள். கழிக்க மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். முடிந்தால் பயிற்சியாளரையும் உடன் அழைத்துச் சென்று, மகளையே பத்து குண்டு சுடச் சொல்லுங்கள். பில், வரிசை எண், விற்பவரின் கையெழுத்திட்ட சீட்டு மூன்றும் கைக்கு வந்த பிறகே பணம் கொடுங்கள்.

எல்லையில் வாழ்பவர்கள் என்பதால் இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொல்கிறேன். கோபாலபுரம் அல்லது வேலந்தாவளம் சோதனைச்சாவடி வழியாக ரைஃபிளோடு போகும்போது பில்லும் துப்பாக்கி சுடும் சங்கத்தின் அடையாள அட்டையும் பையிலேயே இருக்கட்டும். அத்துடன், தோட்டத்துக்கு வரும் மயிலையோ பன்றியையோ விரட்ட அந்த ரைஃபிளை யாரும் எடுக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது, அதற்குக் காற்றுத் துப்பாக்கி என்ற சமாதானம் செல்லாது.

பதிவு எந்த மாநிலத்தில் என்பதையும் இப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆதாரும் பள்ளியும் கேரளத்தில் இருக்க, பயிற்சி தமிழ்நாட்டில் நடக்கிறது. பாலக்காடு மாவட்டச் சங்கத்தின் வழியாகக் கேரளத்துக்காகவா, கோவைச் சங்கத்தின் வழியாகத் தமிழ்நாட்டுக்காகவா என்பதை இரண்டு சங்கங்களிலும் கேட்டு, எழுத்தில் வாங்கி, அந்தப் பிரிவின் விதிகளுக்கு ஏற்ற ரைஃபிளை அதன் பிறகு தேடுங்கள்.