கொல்லைக் கோழிக்குக் காலில் அடி: கேள்வி பதில்

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். முப்பது வருடமாகக் கொல்லையில் நாட்டுக்கோழி வளர்க்கிறேன். நான் டாக்டர் இல்லை. கோழியைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருந்தகத்தில் போய் நின்று கேட்டுக் கற்றதும், கையால் பார்த்துப் பழகியதும்தான் என்னிடம் இருக்கிறது. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து வருகிற கேள்வியில் பாதி "கோழி நொண்டுகிறது அக்கா" என்றுதான். அதனால் இன்றைக்குக் கால் மட்டும்.

வலங்கைமானிலிருந்து ஒரு தங்கை: காலையில் திறந்துவிட்டபோது நன்றாக ஓடியது. மத்தியானம் பார்த்தால் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ரத்தம் இல்லை. முதலில் என்ன செய்ய?

துரத்திப் பிடிக்காதே தங்கச்சி. துரத்தினால் சுளுக்கு முறிவாகிவிடும். இருட்டட்டும். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, அடங்கி உட்கார்ந்திருக்கும். அப்போது எடுத்து, சிறகையும் சேர்த்துப் பழைய துண்டால் சுற்றி மடியில் வை. டார்ச் அடித்து உள்ளங்காலில் தொடங்கி விரலிடுக்கு, செதில் கால் (பாதத்துக்கு மேலே செதில் மூடிய பகுதி), மூட்டு, தொடை என்று மேலே போ. ஒவ்வொரு இடத்தையும் நல்ல காலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது முக்கியம். கோழி உடம்பே 41 டிகிரிக்கு மேல் சூடாக இருப்பதால், தனியாகத் தொட்டால் எல்லாம் கொதிப்பது போலத்தான் இருக்கும். இரண்டு காலையும் மாறி மாறித் தொட்டால்தான் வீக்கமும் சூடும் பிடிபடும்.

எலும்பு உறுதியாக இருந்து, மூட்டில் மட்டும் லேசான வீக்கம் என்றால் சுளுக்கு. எதையும் கட்டாதே. பஞ்சாரத்தைக் கவிழ்த்து அடியில் வைக்கோல் போட்டு உள்ளே விடு. தண்ணீரும் தீனியும் அலகுக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கட்டும். ஒரு வாரம் நடக்காமல் இருந்தாலே பெரும்பாலும் தேறிவிடும். பஞ்சாரத்தை மற்ற கோழிகள் கண்ணில் படுகிற இடத்தில் வை. அடியோடு பிரித்துவிட்டால், திரும்பச் சேர்க்கும்போது அந்நியக் கோழி என்று கொத்திக் குதறிவிடும்.

திருத்துறைப்பூண்டி, ஒரு அண்ணன்: சேவலின் உள்ளங்காலில் கறுப்பாக வட்டமாக ஒரு பொருக்கு. சுற்றி வீங்கியிருக்கிறது. முள் என்று நினைத்துத் தோண்டினேன், ஒன்றும் இல்லை.

இனி தோண்டாதீர்கள் அண்ணே. சின்னக் கீறல் வழியாகக் கிருமி போய் உள்ளே சீழ் கட்டியிருக்கிறது. கோழியின் சீழ் நம்முடையது போல ஒழுகாது, பாலாடைக்கட்டி மாதிரி இறுகிக் கிடக்கும். அதனால் பிதுக்கினாலும் வராது, ஆழமாகத்தான் போகும்.

வெதுவெதுப்பான நீரில் கல்லுப்பு கரைத்து, பதினைந்து நிமிடம் காலை ஊறவையுங்கள். பொருக்கு தானாக இளகி வந்தால் எடுங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள். துடைத்துவிட்டு பீட்டாடின் தடவி, மெல்லிய துணி வைத்து, ஒட்டுப் பிளாஸ்திரி சுற்றுங்கள். தினமும் மாற்ற வேண்டும். கையுறை போடுங்கள், அந்தக் கிருமி நம் கைப்புண்ணிலும் ஏறும். வீக்கம் விரல்களுக்கோ மூட்டுக்கோ பரவினால் டாக்டர் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். வீட்டில் பிளேடு வேண்டாம்.

அப்புறம் புண் ஏன் வந்தது என்று பாருங்கள். மழைக்காலத்தில் நம் கொல்லை முழுக்க சேறும் எச்சமும். ஈரத்தில் ஊறிய பாதத்தில் சீமைக்கருவை முள் ஒன்று போதும். கனத்த சேவல் உயரத்திலிருந்து கெட்டித் தரையில் குதித்தாலும் இதுதான் நடக்கும். கூட்டுக்குள் உமியை நான்கு விரல் கனத்துக்குப் போட்டு, ஈரமானதை அள்ளிவிட்டுக்கொண்டே இருங்கள். அடையும் கழியை இடுப்பு உயரத்துக்குக் கீழே இறக்குங்கள்.

பாபநாசம், கல்லூரி மாணவர்: பைக் சக்கரம் ஏறிவிட்டது. செதில் கால் பாதியில் தொங்குகிறது. தோல் கிழியவில்லை. வீட்டில் குழம்பு வைத்துவிடலாம் என்கிறார்கள். பிழைக்குமா அக்கா?

பிழைக்கும் தம்பி. கோழி எலும்பு சீக்கிரம் கூடும், மூன்று வாரம் போதும். டாக்டரிடம் போக முடிந்தால் அதுதான் முதல் வழி. நம் பக்கம் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. உடனே போக முடியாத நிலையில் மட்டும் இதைச் செய்.

ஒருவர் கோழியைப் பிடிக்கட்டும். நீ பாதத்தைப் பிடித்து, மெதுவாகக் கீழ்நோக்கி இழுத்து, நல்ல காலைப் பார்த்து நேராக்கு. முறிந்த இடத்தைச் சுற்றிப் பஞ்சு. அதன்மேல் இரண்டு பக்கமும் ஐஸ் குச்சியோ இழைத்த மூங்கில் சிம்போ வை. முனை தோலில் குத்தக் கூடாது. மருந்துக் கடையில் கிடைக்கும் காகித டேப்பால் கீழிருந்து மேலாகச் சுற்று. முறிவுக்கு மேலே உள்ள மூட்டும் கீழே உள்ள மூட்டும் அசையாமல் இருந்தால்தான் கட்டுக்குப் பயன். ஆனால் மேல் மூட்டை இயல்பாக மடங்கியபடியே கட்ட வேண்டும். விறைப்பாக நீட்டிக் கட்டினால் அதனால் உட்காரவே முடியாது.

இப்போது சொல்வதை மறக்காதே. ஆரம்பத்தில் ஒரு பெட்டைக்கு நான் கட்டிய கட்டு இறுகலாகப் போய், மறுநாள் விரல்கள் நீலம் பாய்ந்து சில்லிட்டுக் கிடந்தன. முறிந்த எலும்பு கூடியது, கால் அழுகிப் போய்விட்டது. இன்றும் அது மனதை விட்டுப் போகவில்லை. கட்டியபின் விரல்கள் வெளியே தெரிய வேண்டும். முதல் இரண்டு நாள் காலையும் மாலையும் தொட்டுப் பார். குளிர்ந்தாலோ வீங்கினாலோ அந்த நிமிடமே அவிழ்.

எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தாலும், முறிவு தொடையில் இருந்தாலும் வீட்டுக் கட்டு பலிக்காது. கோழியின் தொடை உடம்போடு ஒட்டி இருப்பதால் குச்சிக்கு அங்கே பிடிமானமே கிடையாது. டாக்டர்தான். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போடச் சொல்வார்கள். திறந்த புண்ணில் சுண்ணாம்பு பட்டால் வெந்துவிடும், வேண்டாம்.

உரத்தூர்ப் பக்கம், ஒரு அம்மா: கணுவுக்கு மேலே மோதிரம் போட்ட மாதிரி பள்ளம். கீழே பாதம் உப்பியிருக்கிறது.

அது நூல் அம்மா. இப்போது மெஷின் கட்டுகிற வைக்கோல் கட்டைப் பிரித்து மாட்டுக்குப் போட்டுவிட்டுக் கயிற்றைக் கொட்டகையிலேயே எறிந்துவிடுகிறோம். கோழி கிளறும்போது காலில் சுற்றிக்கொள்கிறது. கடற்கரை ஊர்களில் வலை நூல் இதே வேலையைச் செய்யும். தேங்காய் எண்ணெய் விட்டு ஊறவைத்து, நகம் வெட்டும் சின்னக் கத்தரியால் ஒவ்வொரு இழையாக வெட்டி எடுங்கள். ஒரே இழுப்பாக இழுத்தால் சதையோடு வரும். பள்ளத்தைக் கழுவி பீட்டாடின் போடுங்கள். விரல் கறுத்துக் காய்ந்திருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

நீடாமங்கலம்: மூன்று மாத விடைக்கோழி. அடி எதுவும் இல்லை. ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால் நீட்டிப் படுத்துக் கிடக்கிறது. தைலம் தேய்க்கலாமா?

தைலம் வேண்டாம். இது அடிபட்ட கால் இல்லை, நரம்பைத் தாக்கும் மாரெக்ஸ் நோயாக இருக்கலாம். வைரஸ் நோய். வந்தபின் மருந்து கிடையாது. பொரித்த அன்றே போடுகிற தடுப்பூசிதான் காப்பு. கழுத்து திருகி, பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிந்து, கால் இழுத்தால் அது வெள்ளைக்கழிச்சல். இரண்டும் மற்றக் கோழிகளுக்குப் பரவும். உடனே தூரமாகப் பிரித்து வைத்து மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண் இருக்கிறது. கோழி செத்தால் தயவுசெய்து வாய்க்காலில் போடாதீர்கள். தண்ணீர் போகிற ஊரெல்லாம் நோயும் போகும். ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

கும்பகோணம், புதிதாக இன்குபேட்டர் வாங்கிய தம்பி: இரண்டு நாள் குஞ்சு, கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து போகிறது.

கீழே செய்தித்தாள் விரித்திருப்பாய். வழுக்குகிறது. எடுத்துவிட்டுச் சாக்கைப் போடு. இரண்டு காலையும் இயல்பான இடைவெளியில் நிறுத்தி, ஒட்டுப் பிளாஸ்திரியை எட்டு வடிவத்தில் சுற்று. நான்கைந்து நாளில் நின்றுவிடும். முதல் வாரம் தாண்டினால் திருத்துவது கஷ்டம், இன்றைக்கே செய்.

திருவையாறு: அடையிலிருந்து இறங்கும் கோழி தள்ளாடுகிறது.

21 நாள் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் அப்படித்தான். குருணையும் தண்ணீரும் பக்கத்தில் வையுங்கள். இறங்கிச் சிறிது நேரத்தில் சரியாக நடந்தால் பயமில்லை.

மயிலாடுதுறை, ஒரு அண்ணி: வலிக்கு நாம் போடும் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாமா? முட்டையைச் சாப்பிடலாமா?

மாத்திரை வேண்டாம் அண்ணி. டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து ஏறிய மாட்டின் சடலத்தைத் தின்றுதான் நம் நாட்டுப் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 2006ல் அதைக் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். பறவை உடம்பு வேறு. அளவையும் மருந்தையும் டாக்டர் சொல்லட்டும். அவர் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால், எத்தனை நாள் முட்டையும் கறியும் கூடாது என்று அங்கேயே கேட்டுக்கொண்டு வாருங்கள். வெறும் சுளுக்கு, மருந்தே கொடுக்கவில்லை என்றால் முட்டையைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

மறுபடியும் பாபநாசத்துத் தம்பி: கட்டிவிட்டேன் அக்கா. விரல் சூடாகத்தான் இருக்கிறது. ஆனால் தீனி எடுக்கவில்லை.

முதல் நாள் வலியில் அப்படித்தான் இருக்கும். பழைய சோற்றைப் பிசைந்து, வேகவைத்த முட்டை கொஞ்சம் உதிர்த்துக் கையில் வைத்து நீட்டிப் பார். தண்ணீரை அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாகத் தொட்டு வை, வாய்க்குள் ஊற்றாதே, புரையேறிவிடும். நாளைக் காலையில் விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.