அண்ணாச்சியிடம் கேளுங்கள்: ஊறுகாய் பாட்டிலில் காஸ்டிக் கலக்கலாமா?

கேள்வி: அண்ணாச்சி, வீட்டுக்கு வேண்டிய தேங்காய் எண்ணெய் சோப்பை நானே செய்கிறேன். ஒரு கிலோ எண்ணெய்க்கு உண்டான காஸ்டிக் சோடாவை, ஊறுகாய் இருந்த தடித்த கண்ணாடி பாட்டிலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்குவேன். நாலு தடவை ஒன்றும் ஆகவில்லை. போன வாரம் பாட்டிலின் அடிப்பாகம் மட்டும் வட்டமாகக் கழன்று, அத்தனையும் அடுப்பு மேடையில் ஓடிவிட்டது. அவ்வளவு தடித்த கண்ணாடி எப்படி உடைந்தது? ஓவனில் வைக்கிற கண்ணாடி வாங்கிக்கொள்ளட்டுமா?
வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: முதலில் ஒன்று கேட்கிறேன் தங்கச்சி, காலில் செருப்பு இருந்ததா? மேடையில் ஓடியது தரையிலும் சொட்டியிருக்கும். மேடை, தரை, அடுப்புக்கு அடியில் எல்லாம் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

இனி பாட்டிலுக்கு வருவோம். ஊறுகாயை வருஷக்கணக்கில் தாங்கிய கண்ணாடி இதையும் தாங்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஊறுகாய் புளிப்பு. எலுமிச்சைச் சாறு, வினிகர் எல்லாம் கண்ணாடியை ஒன்றும் செய்யாது. காஸ்டிக் எதிர்ப்பக்கம், புளிப்பான அமிலத்துக்கு நேர்மாறான காரம். கண்ணாடியில் பெரும்பங்கு சிலிக்கா, அதாவது மணல், அதைக் காரம் மெல்ல மெல்லக் கரைத்துவிடும், சூடாக இருந்தால் இன்னும் வேகமாக. நாலு தடவை ஒன்றும் ஆகவில்லை என்கிறீர்களே, அந்த நாலு தடவையும் பாட்டிலின் உள்பக்கத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் அரித்துக்கொண்டுதான் இருந்தது. ஐந்தாம் தடவை சூடு பட்டதும், ஏற்கெனவே இளைத்த இடத்தில் விட்டுவிட்டது.

சூடும் லேசுப்பட்டதல்ல. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுக்கச் சோப்பாக மாற 183 கிராம் காஸ்டிக் வேண்டும், கொஞ்சம் எண்ணெய் மிச்சம் நிற்கட்டும் என்று 5 சதவீதம் குறைத்து 174 கிராம் எடுப்பார்கள். அதை 350 மில்லி தண்ணீரில் கரைத்தால், அடுப்பே இல்லாமல் 80, 90 டிகிரி வரை ஏறிவிடும். தடித்த கண்ணாடியில் உள்பக்கம் சுட்டு விரியும்போது வெளிப்பக்கம் இன்னும் குளிர்ந்தே இருக்கும், அந்த இழுபறியில்தான் விரிசல் விழுகிறது. மெல்லிய கண்ணாடியாவது ஒரே மாதிரி சூடாகும். அதற்கு மேல் நீங்கள் காஸ்டிக்கைப் போட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறீர்கள். அப்படிச் செய்தால் அடியில் கட்டியாக உறைந்து, அந்த ஓர் இடம் மட்டும் கொதிக்கும், சில சமயம் பொங்கி முகத்துக்கே தெறிக்கும். அடிப்பாகம் மட்டும் கழன்றது உங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் என்றுகூடச் சொல்வேன்.

ஓவன் கண்ணாடி, அதாவது போரோசிலிகேட், சாதாரணக் கண்ணாடியைப்போல மூன்றில் ஒரு பங்குதான் விரியும், அதனால் சூட்டைத் தாங்கும். ஆனால் காரம் அதையும் அரிக்கும். ஒரு சின்னக் கீறல் இருந்தால் போதும். காசைச் செலவழித்து அதே ஆபத்தை வாங்காதீர்கள்.

அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்ட, கைப்பிடி வைத்த கெட்டிப் பிளாஸ்டிக் ஜக் ஒன்று வாங்குங்கள், அது பாலிபுரொப்பிலீன். நல்ல எவர்சில்வர் பாத்திரமும் ஆகும், அதை அப்புறம் சமையலுக்கு எடுக்க வேண்டாம். அலுமினியம், பித்தளை, ரசம் வைக்கிற ஈயச் சொம்பு பக்கம் போகவே கூடாது. அலுமினியத்தில் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு ஹைட்ரஜன் கிளம்பும், அது தீப்பற்றுகிற வாயு. ஜக்கில் முதலில் தண்ணீர், அதில்தான் காஸ்டிக், கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிண்டிக்கொண்டே போட வேண்டும். சித்திரை வெயிலில் நம் ஊர்க் குழாய்த் தண்ணீரே வெந்நீர் மாதிரிதான் வரும், ஆகவே குளிர்ந்த தண்ணீர் எடுங்கள், ஜக்கையும் ஒரு பெரிய தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வேலை புறவாசலில் நடக்கட்டும், காற்று உங்கள் முதுகுப்பக்கமிருந்து வரும்படி நில்லுங்கள், ஏனென்றால் கிளம்புகிற ஆவி தொண்டையைப் பிடிக்கும். ரப்பர் கையுறை, முழுக்கை, பக்கவாட்டிலும் மூடின பாதுகாப்புக் கண்ணாடி மூன்றும் வேண்டும். வெள்ளெழுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சமாளித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

கேள்வி: மீந்த காஸ்டிக் கரைசலை மூடி போட்ட கண்ணாடிக் குப்பியில் வைத்தேன். இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் மூடி அசையவே இல்லை. என்ன செய்ய?
வாசகர், கடையநல்லூர்

பதில்: நெருப்பில் காட்டாதீர்கள், தட்டாதீர்கள், குறடு போட்டுத் திருகாதீர்கள். பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட லேபில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் இதே கதைதான். கண்ணாடி மூடி போட்ட குப்பியில் நானே ஊற்றி வைத்துவிட்டு, பிறகு கழுத்தோடு உடைத்தேன், கையுறை இருந்ததால் பிழைத்தேன். காஸ்டிக்குக்கு ரப்பர் அடைப்பான்தான் போட வேண்டும் என்பது அதற்கப்புறம் மறக்கவே இல்லை. மூடிக்கும் கழுத்துக்கும் நடுவே காரம் கண்ணாடியைக் கரைத்து சோடியம் சிலிகேட் ஆக்கிவிடும். சலவைச் சோப்புக்காரர்கள் ‘சிலிகேட்’ என்று வாங்கிக் கலப்பார்களே, அதேதான், நல்ல பசை. காற்றிலுள்ள கரியமில வாயு பட்டு வெள்ளையாகப் பூக்கிற சலவைச் சோடாவும் கூடச் சேர்ந்து இறுகும்.

குப்பியை ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் நிறுத்தி, மூடி முங்கும்வரை தண்ணீர் விட்டு இரண்டு நாள் விடுங்கள். பிறகு கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்பும் போட்டு, வாளிக்குள்ளேயே வைத்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். வரவில்லையென்றால் விட்டுவிட்டு, தெரிந்த கல்லூரி வேதியியல் லேபில் கேளுங்கள்.

இனிமேல் மீத்து வைக்காமல் அளவாகக் கரையுங்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால் நன்றாக ஆறியபின், அடியில் 2 என்று போட்ட பிளாஸ்டிக் கேனில், பிளாஸ்டிக் மூடி போட்டு வையுங்கள். 1 என்று போட்ட தண்ணீர் பாட்டில் கூடவே கூடாது, அந்தப் பிளாஸ்டிக்கையும் காரம் தின்னும். அதைவிடப் பெரிய பயம் வேறு. பார்க்கப் பச்சைத் தண்ணீர் மாதிரியே இருக்கிற சாமானைத் தண்ணீர் பாட்டிலில் வைத்தால், வெயிலில் விளையாடிவிட்டு வருகிற பிள்ளை என்ன செய்யும்? கேன் மேல் பெரிதாக ‘விஷம்’ என்று எழுதிப் பூட்டி வையுங்கள், பரணில் வேண்டாம், இடுப்புக்குக் கீழே. வேண்டாத கரைசலை வாளித் தண்ணீரில் சிறுகச் சிறுகக் கலந்து கழிவுநீர்க் குழாயில் விடுங்கள், வாய்க்காலில் கொட்டாதீர்கள்.

கேள்வி: காஸ்டிக் கையில் பட்டால் உடனே எலுமிச்சம்பழம் தேய்க்க வேண்டுமாமே?
வாசகி, வீரவநல்லூர்

பதில்: வேண்டாம். பழத்தைத் தேடுகிற நேரத்தில் அது தோலுக்குள் இறங்கிவிடும், தேய்த்தால் காயமும் கூடும். தூளாக ஒட்டியிருந்தால் உதறிவிட்டு, ஓடுகிற தண்ணீரில் 20 நிமிஷம், கடிகாரத்தைப் பார்த்தே கழுவுங்கள். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து அதே மாதிரி கழுவிவிட்டு, எரிச்சல் நின்றாலும் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வரும் வழியெல்லாம் மறுபடி பொசுக்கும். 108-ஐக் கூப்பிட்டு, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியோ பக்கத்தில் எதுவோ, உடனே போங்கள்.

கேள்வி: காஸ்டிக் என்றாலே பயம். எங்கள் ஊரில் அப்பளக்காரம் நிறையக் கிடைக்கும், அதில் சோப்பு வராதா?
வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: வராது. அது சாதுவான காரம், எண்ணெய் மேலேயே மிதக்கும். அந்தக் காலத்தில் சலவைச் சோடாவையும் சுண்ணாம்பையும் சேர்த்துக் காய்ச்சித்தான் காஸ்டிக் எடுத்தார்கள், இன்றைக்கு ஆறுமுகநேரிப் பக்கம் சாகுபுரத்தில் உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி எடுக்கிறார்கள். பயமாக இருந்தால் ‘சோப்பு பேஸ்’ என்று கட்டியாக விற்கிறார்களே, அதை வாங்கி உருக்கி அச்சில் ஊற்றுங்கள், காஸ்டிக் வேலையை அவர்களே முடித்துத்தான் தருகிறார்கள்.