விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் ஒரே ஆபீஸில் ஃபைல் பகிர்வது எப்படி?

பெங்களூரில் சின்ன ஆபீஸில்கூட கணக்குக்கு விண்டோஸ், டிசைனுக்கு மேக், புரோகிராமுக்கு லினக்ஸ் என்று கலந்திருக்கும். இவை ஃபைலைக் கேட்கவும் கொடுக்கவும் பயன்படுத்தும் பொது விதிமுறைதான் எஸ்எம்பி. கே.ஆர். மார்க்கெட்டில் தமிழரும் தெலுங்கரும் கன்னடத்தில் விலை பேசி முடிப்பதைப் போல. வீட்டில் எந்த மொழி என்பது வியாபாரத்துக்குத் தேவையில்லை.

விண்டோஸிலும் மேக்கிலும் எஸ்எம்பி ஏற்கெனவே உண்டு. லினக்ஸில் அதற்கான சாம்பா என்ற மென்பொருளை நிறுவ வேண்டும். ஃபைல்கள் இருக்கும் கம்ப்யூட்டருக்கு ரூட்டரில் மாறாத ஐபி (நெட்வொர்க் முகவரி) ஒதுக்கிவிடுங்கள்.

பெரும்பாலும் சிக்கல் பாஸ்வேர்டில்தான் வரும். சாம்பா வழக்கமாகத் தனக்கென்று தனிப் பாஸ்வேர்டு பட்டியல் வைத்திருக்கும். லினக்ஸ் லாகின் பாஸ்வேர்டு அதில் தானாகச் சேராது. ஒவ்வொருவரையும் தனியாகச் சேர்க்க வேண்டும். மேக்கிலும் ஃபைல் ஷேரிங் ஆப்ஷன்ஸில் விண்டோஸுக்கான கணக்கை டிக் செய்யாவிட்டால் விண்டோஸிலிருந்து நுழைய முடியாமல் போகலாம்.

நெட்வொர்க்கில் இணைத்த பழைய ஸ்டோரேஜ் பெட்டி மட்டும் திறக்கவில்லையா? அது எஸ்எம்பியின் பழைய பதிப்பான எஸ்எம்பி 1 மட்டுமே அறிந்ததாக இருக்கலாம். 2017-இல் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் பரவியது அந்தப் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான். தயவுசெய்து எஸ்எம்பி 1-ஐ மறுபடி இயக்காதீர்கள், பெட்டியை மாற்றுங்கள்.

விண்டோஸின் டிஸ்க் வடிவமான என்டிஎஃப்எஸ்-இல் மேக்கால் நேரடியாக எழுத முடியாது என்பதால் விண்டோஸ் சர்வரின் டிஸ்கை ஃபார்மேட் செய்ய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை, நெட்வொர்க்கில் வரும் ஃபைலை டிஸ்கில் எழுதுவது அந்த சர்வரேதான்.