கருடனுக்குப் பால் வைக்காதீர்கள்

கேள்வி: எங்கள் மொட்டை மாடியில் நேற்று மாலை ஒரு கருடன் விழுந்து கிடந்தது. இடது சிறகில் மாஞ்சா நூல் சுற்றி, ரத்தம் காய்ந்திருக்கிறது. அலகின் நுனியும் உடைந்திருக்கிறது. பாலும் தயிர் சோறும் வைத்தோம், தொடவே இல்லை. கருடன் தேடி வந்தது நல்ல சகுனம், குணமாகும்வரை நாமே வைத்துக்கொள்ளலாம் என்கிறார் மாமியார். கழுகு 40 வயதில் அலகைத் தானே உடைத்துக்கொண்டு புது அலகு வளர்க்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். அப்படி இதற்கும் சரியாகிவிடுமா? பறவைகளை மீட்பவர் என்று ஒருவர் வந்தார். 3,000 ரூபாய் கொடுத்தால் கொண்டுபோய் வைத்தியம் பார்ப்பதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, கடலூர்

பதில்: பால் கிண்ணத்தையும் தயிர் சோற்றையும் முதலில் எடுத்துவிடுங்கள். 3,000 கேட்பவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம், பறவையையும் கொடுக்க வேண்டாம். இன்றைக்கே, முடிந்தால் மதியத்துக்குள், அது ஒரு கால்நடை மருத்துவரின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு இரவு ஏற்கெனவே போய்விட்டது.

தலையும் மார்பும் வெள்ளை, மற்ற உடம்பு செங்கல் நிறம் என்றால் அது செம்பருந்து. கும்பாபிஷேகத்தன்று கோபுரத்துக்கு மேல் வட்டமிட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோமே, அந்தப் பறவைதான். உடம்பு முழுக்கப் பழுப்பாக, வால் நுனி மீன்வால் மாதிரிப் பிளந்திருந்தால் அது கரும்பருந்து. செம்பருந்தின் குஞ்சும் பழுப்பாகத்தான் இருக்கும், ஆனால் வால் நுனி வளைவாக இருக்கும். எந்தப் பருந்தாக இருந்தாலும் நீங்கள் செய்ய வேண்டியதில் மாற்றமில்லை.

நமக்குப் பருந்து, கழுகு, பாறு எல்லாமே ‘கழுகு’தான். திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளைக்கு வந்து பிரசாதம் சாப்பிட்டுப்போன இரண்டு ‘கழுகு’களும் உண்மையில் மஞ்சள்முகப் பாறுகள், பிணந்தின்னி இனம். 1990களோடு அவை வருவது நின்றுபோனது. அந்தப் பழக்கத்தில்தான் கருடனுக்கும் சோறு வைக்கிறோம் போலிருக்கிறது. செம்பருந்தின் இரை மீன், நண்டு, தவளை, எலி, கரையொதுங்கிய கழிவு. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் சக்தி பறவைக் குடலுக்குக் கிடையாது. பால் உள்ளே போனால் வயிற்றுப்போக்கு வந்து, ஏற்கெனவே நீர் வற்றிய உடம்பு இன்னும் வற்றும்.

பாலைவிட மோசமானது, வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றுவது. பறவையின் வாய்க்குள் பார்த்தால் நாக்குக்குப் பின்னால், அது தொடங்கும் இடத்தில், ஒரு சின்னத் துவாரம் தெரியும். அதுதான் மூச்சுக்குழாயின் வாசல். இங்க் ஃபில்லரால் ஊற்றுகிற தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். காயத்தில் தப்பித்த பறவை இப்படி மூச்சடைத்துச் சாவதுண்டு. இறைச்சியும் இப்போது வேண்டாம். நீர் வற்றிய உடம்புக்கு மருத்துவர் முதலில் திரவம் ஏற்றுவார், அதற்குப் பிறகுதான் இரை. வளர்ந்த பருந்து ஒரு நாள் பட்டினியைத் தாங்கும்.

பிடிக்கும்போது அலகைப் பார்த்துப் பயப்படுகிறோம், ஆபத்து காலில் இருக்கிறது. பெரிய பருத்தித் துண்டு ஒன்றைப் பின்பக்கமிருந்து தலையோடு சேர்த்துப் போர்த்துங்கள். கண் மறைந்ததும் பாதிப் படபடப்பு அடங்கிவிடும். துண்டுக்கு மேலேயே இரண்டு சிறகையும் உடம்போடு அணைத்து, பாதத்துக்குச் சற்று மேலே இரண்டு காலையும் சேர்த்துப் பிடியுங்கள். நெஞ்சை மட்டும் இறுக்கக் கூடாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் பறவைக்கு மூச்சு.

அட்டைப்பெட்டி ஒன்று தேடுங்கள். அலகிலிருந்து வால் நுனிவரை செம்பருந்து 45 முதல் 51 சென்டிமீட்டர் இருக்கும். பெட்டி அதைவிடக் கொஞ்சம் நீளமாக, நிமிர்ந்து நிற்கும் உயரத்தில், சிறகை விரிக்க முடியாத அகலத்தில் இருக்கட்டும். பக்கங்களில் கீழ்ப்பாதியில் விரல் பருமனுக்குப் பத்துப் பன்னிரண்டு துளைகள் போடுங்கள். துளை மேலே இருந்தால் வெளிச்சம் பார்த்து முட்டும். அடியில் பழைய வேட்டியை மடித்து விரியுங்கள். வெறும் செய்தித்தாள் வழுக்கும், பூத்துவாலையின் நூல் வளையத்தில் நகம் மாட்டும். பெட்டியை மூடி, விசிறி நேராக அடிக்காத, ஆள் நடமாட்டமில்லாத அறையில் வைத்துவிட்டு, திறந்து திறந்து பார்க்காமல் இருங்கள். பிள்ளைகளையும் செல்போன் கேமராவையும் தள்ளி வையுங்கள்.

கோழிக்கூண்டு, கிளிக்கூண்டு எதுவும் ஆகாது. கம்பியில் அடித்துக்கொண்டால் சிறகின் பெரிய இறகுகள் ஒடியும். அவை உதிர்ந்து முளைப்பது ஆண்டுக்கு ஒரு சுற்றுதான், அதுவும் இரண்டு பக்கமும் ஒன்றிரண்டாக. கூண்டில் ஒரு மணி நேரம் அடித்துக்கொண்ட பறவை, சிறகுக் காயம் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் பறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும்.

இனி நூல். அதை இழுக்காதீர்கள், சுற்றைப் பிரிக்கவும் முயலாதீர்கள். சிறகிலிருந்து ஒரு சாண் விட்டுக் கத்தரியால் வெட்டிவிட்டு, சதையில் புதைந்ததை மருத்துவருக்கு விடுங்கள். தோளிலிருந்து சிறகின் மணிக்கட்டுவரை ஒரு தோல் மடிப்பு ஓடும். மாஞ்சா பெரும்பாலும் அதைத்தான் அறுக்கும். சிறகின் முன் விளிம்பை விறைப்பாகப் பிடித்திருக்கும் தசைநாண் அதற்குள் இருக்கிறது. வெளியே தெரியும் சதை காய்ந்து போய்விட்டால் தையல் நிற்காது. நான் அவசரப்படுத்துவது இதற்காகத்தான். மருந்துக்கடையில் சலைன் வாங்கி, காஸ் துணியை நனைத்துக் காயத்தின் மேல் லேசாகப் போட்டு வையுங்கள். மீண்டும் ரத்தம் வந்தால் சுத்தத் துணியால் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். மஞ்சள் பத்து, தேங்காய் எண்ணெய், மனிதருக்கான வலி மாத்திரை மூன்றும் கூடாது. பத்து காயத்தை மறைக்கும், எண்ணெய் இறகைப் பாழாக்கும். வலி மருந்துகளில் டைக்ளோஃபினாக் என்ன செய்யும் என்பதற்குப் பாறுகளே சாட்சி. அந்த மருந்து செலுத்திய மாடுகளின் சடலத்தைத் தின்றே சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக அழிந்தன. 2006இல் அதைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்தத் தடை வந்தது.

கண்ணில் வெள்ளையாக ஒரு சவ்வு குறுக்கே ஓடி மறைந்தால் கவலை வேண்டாம், பறவைக்கு அது மூன்றாவது இமை. அந்தச் சவ்வு பாதியில் நின்றுவிட்டாலோ, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாலோ, மண்டையில் அடிபட்டிருக்கலாம். மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அலகுக்கு வருவோம். 40 வயதில் கழுகு மலையேறி, அலகைப் பாறையில் அடித்து உடைத்து, 150 நாள் காத்திருந்து, இன்னும் 30 வருடம் வாழும் என்ற கதையை மேடைப் பேச்சாளர்கள் பரப்பியே நிலைநிறுத்திவிட்டார்கள். இதில் ஒரு வரிகூட உண்மையில்லை. அலகு இல்லாமல் இரையைக் கிழிக்க முடியாது, அந்தப் பறவை பட்டினியில் செத்துப்போகும். 70 வயதும் பொய். காட்டில் வாழ்ந்த வெண்தலைக் கழுகுகளில் நெடுங்காலம் வாழ்ந்ததாகப் பதிவான ஒன்று, 2015இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வண்டியில் அடிபட்டு இறந்தது. காலில் வளையம் இட்டிருந்ததால் வயது தெரிந்தது: 38.

அலகு என்பது தாடை எலும்பின் மேல் உறை போட்டது மாதிரி. அந்த உறை நம் நகத்தைப் போன்ற பொருள், எந்த வயதிலும் வளர்ந்துகொண்டே இருக்கும், இரையிலும் கிளையிலும் தேய்ந்துகொண்டும் இருக்கும். உங்கள் பறவைக்கு உறையின் நுனி மட்டும் சிதறியிருந்தால் சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் சரியாகும். ரத்தம் கசிந்தாலோ, மேலலகும் கீழலகும் பொருந்தாமல் கோணியிருந்தாலோ எலும்பு உடைந்திருக்கலாம், உடைந்துபோன எலும்பு முளைக்காது. பசை போட்டு ஒட்டுவது, அரம் வைத்துத் தேய்ப்பது எதுவும் செய்யாதீர்கள்.

இப்போது அந்த மீட்பர். உண்மையான மீட்பாளர் வனத்துறைக்குச் சொல்லாமல் பறவையைத் தொட மாட்டார், வாசலில் நின்று விலை பேச மாட்டார். பறவை எந்த மருத்துவமனைக்குப் போகிறது, எந்த வனச்சரகத்துக்குத் தகவல் போயிருக்கிறது என்று இரண்டே கேள்வி கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் கதவைச் சாத்துங்கள். இப்படிப் போகும் பருந்துக்கு இரண்டு சந்தை உண்டு. ஒன்று, உயிரோடு விற்பது. இன்னொன்று, ‘கருட நகம்’, ‘கருட இறகு’ என்று தாயத்துக்காரர்களிடம் போவது. தாயத்துக்குள் இருக்கும் நகம் பலமுறை மாட்டுக் கொம்பில் செதுக்கியதாகவே இருக்கும். உண்மையானதாக இருந்தால் அதற்காக ஒரு பறவை செத்திருக்கும், வாங்கியவரும் குற்றவாளி. வாசலில் கட்டுகிற ஆகாச கருடன் கிழங்கு மட்டும் வேறு, அது ஒரு கொடியின் கிழங்கு. அதைக் காட்டிப் பேச்சைத் தொடங்கி நகத்துக்குக் கொண்டுபோவது விற்பவர்களின் வழக்கமான உத்தி.

இந்த இடத்தில் ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் ஏமாற்றுபவர்கள் அதைத்தான் கேடயமாகப் பிடிக்கிறார்கள். “மயிலிறகு கோயில் வாசலிலேயே விற்கிறது, அது தேசியப் பறவை. பருந்து இறகு மட்டும் எப்படித் தப்பு?” என்பார்கள். மயில் தானாக உதிர்த்த தோகையை நாட்டுக்குள் வைத்திருக்கவும் விற்கவும் சட்டம் தனியாக இடம் கொடுத்திருக்கிறது. மயிலுக்கு மட்டும், தோகைக்கு மட்டும், உதிர்ந்ததற்கு மட்டும், நாட்டுக்குள் மட்டும். பிடுங்கிய தோகைக்கு இது பொருந்தாது, மயில் இறைச்சிக்கும் காலுக்கும் பொருந்தாது. பருந்து, ஆந்தை, கழுகு எதற்கும் ஓர் இறகுக்குக்கூடப் பொருந்தாது. “மரத்தடியில் உதிர்ந்து கிடந்தது” என்ற சாக்கு பருந்து இறகைக் காப்பாற்றாது.

நீங்களே வைத்துக்கொள்வதும் இதே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்தான். காப்பாற்ற எடுத்ததற்காக உங்கள் மேல் யாரும் பாய மாட்டார்கள், ஆனால் தகவல் சொல்லியிருக்க வேண்டும். காட்டுயிர் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வன அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டத்தின் 39ஆம் பிரிவு. உங்களுக்குக் கடிகாரம் நேற்று மாலையே ஓடத் தொடங்கிவிட்டது.

வனச்சரக அலுவலகத்தை அழையுங்கள். எண் மாவட்ட இணையதளத்தில் இருக்கும். யாரும் எடுக்காமல் போகலாம். எடுத்தவர் “அது எங்கள் சரகம் இல்லை” என்று இன்னோர் எண்ணைத் தரலாம். “ஆள் இல்லை, நீங்களே கொண்டுவாருங்கள்” என்றும் சொல்லலாம். பாம்புக்கு ஓடி வருகிறவர்கள் பருந்துக்கு வருவதில்லை. ஒரு மாவட்டத்துக்கு ஒரு பறவை அறை, அதைப் பார்க்கத் தெரிந்த ஒரு மருத்துவர் என்ற எளிய ஏற்பாட்டுக்கு இன்னும் எத்தனை பருந்து சாக வேண்டுமோ தெரியவில்லை. கால்நடை மருத்துவக் கல்லூரி புதுச்சேரியில், உங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆனால் எல்லை தாண்டக் காகிதம் கேட்பார்கள். கண்ணாடித் தூள் பூசிய நூலையும் நைலான் நூலையும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017லேயே நாடு முழுக்கத் தடை செய்தாயிற்று. அந்தத் தடை கடைக்காரருக்கு உறைத்திருந்தால் இந்தப் பறவை உங்கள் மாடியில் விழுந்திருக்காது.

அதனால் அனுமதிக்காகக் காத்திருக்காதீர்கள். பறவையின் படம், இடம், கண்டெடுத்த நேரம் மூன்றையும் வனச்சரகரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டாலும் தகவல் சொன்னதற்கு அது பதிவாகும். பிறகு பெட்டியோடு மாவட்டத் தலைநகரின் அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். “வனவிலங்கு, நாங்கள் பார்க்க முடியாது” என்று திருப்பினால், வனத்துறைக்கு அனுப்பிய செய்தியைக் காட்டி, முதலுதவியும் திரவமும் மட்டும் கேளுங்கள். அங்கும் நடக்கவில்லை என்றால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, வாங்குங்கள். ரசீது எழுதும் நேரத்திலேயே வனத்துறைக்கு ஃபோன் போய்விடும்.

மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்: கருடன் உங்கள் வீட்டைத் தேடி வந்தது என்று அவர் நம்பினால் நம்பட்டும், அதில் தவறில்லை. ஆனால் பெருமாளைச் சுமக்கிற பறவையைப் பெட்டியில் வைத்துக்கொள்ள முடியாது. குணமானதும் எங்கே விடுவார்கள் என்று இப்போதே கேட்டு, உங்கள் தெருவின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். செம்பருந்து ஜோடி ஒரே பகுதியில் கூடு கட்டி வாழ்கிற பறவை. நம் பக்கம் டிசம்பரிலிருந்து ஏப்ரல்வரை அதற்குக் கூட்டுக் காலம். முன்பின் தெரியாத காட்டில் கொண்டுபோய் விடாமல், விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, காலை வேளையில், காற்று எழும்பத் தொடங்கும் நேரத்தில் விடச் சொல்லுங்கள்.