ஆறிவரும் வெந்நீரும் அறையின் வெப்பநிலையும்

வணக்கம். பி.யு.சி. முதலாண்டு (பதினோராம் வகுப்பு) படிக்கும் என் மகள், ஒரு பொருள் சுற்றுப்புறத்தைவிட எவ்வளவு சூடாக இருக்கிறதோ அதற்கேற்ற வேகத்தில் குளிரும் என்ற நியூட்டனின் குளிர்தல் விதியை வீட்டிலேயே சோதித்துப் பார்த்தாள். அரை லிட்டர் வெந்நீரை எவர்சில்வர் பாத்திரத்தில் மூடாமல் வைத்து, 20 நிமிடத்துக்கு ஒருமுறை அளந்ததில் 88, 55, 41, 33 டிகிரி செல்சியஸ் வந்தது. அறையில் இருந்த வெப்பமானி 24 காட்டியது. ஆனாலும் பெங்களூருக்குக் கைபேசி சொன்ன 21-ஐயே கணக்கில் எடுத்துக்கொண்டோம். அதைக் கழித்தபின் வரும் ஒவ்வொரு எண்ணையும் அதற்கு முந்தைய எண்ணால் வகுத்தால், விகிதம் மாறாது என்கிறது பாடநூல். எங்களுக்கோ 0.51, 0.59, 0.60 என்று ஏறிக்கொண்டே போகிறது. விதி தவறா, அளவு தவறா?

— ஒரு வாசகர், பெங்களூரு

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் எடுத்த அளவுகள் நன்றாகவே இருக்கின்றன. கழித்த எண்தான் பொருந்தவில்லை. அடுக்குக்குறிச் சிதைவில், அதாவது சம நேரத்துக்கு ஒரே விகிதத்தில் குறைந்துவருவதில், தேய்வது நீரின் வெப்பநிலை அன்று, அது சுற்றுப்புறத்தைவிட எவ்வளவு கூடுதலாக இருக்கிறதோ அந்த மிகைதான். அந்தப் பாத்திரத்துக்குச் சுற்றுப்புறம் என்பது உங்கள் அறைக் காற்றே தவிர, நகரத்தின் வானிலை அன்று. 24-ஐக் கழித்தால் மிகை 64, 31, 17, 9 என்றாகி, விகிதங்கள் 0.48, 0.55, 0.53 என வரும். ஏறிக்கொண்டே போகும் போக்கு மறைந்துவிடுகிறது. இந்த 3 டிகிரி பிழை 64-க்கு முன்னால் பெரிதாகத் தெரியாது. 9-க்கு முன்னால் அது மூன்றில் ஒரு பங்கு என்பதால், கடைசி விகிதங்களையே மிகவும் கெடுக்கிறது.

கடைசி இரண்டு விகிதங்களுக்கு இடையிலுள்ள வேறுபாட்டை அரை டிகிரி வாசிப்புப் பிழையே விளக்கிவிடும். முதல் விகிதம் தாழ்ந்திருப்பதற்குத்தான் வேறு காரணம் வேண்டும்; அது ஆவியாதல் என்பது என் கருத்து. அரை லிட்டர் நீரில் ஒரே ஒரு கிராம் ஆவியாகிப் போனாலும், அது கொண்டுபோகும் உள்ளுறை வெப்பம் (நீர் ஆவியாக மாற எடுத்துக்கொள்ளும் வெப்பம்) மீதி நீரை ஏறக்குறைய 1 டிகிரி குளிர்வித்துவிடும். சூடு அதிகமாக இருக்கும் தொடக்கத்தில்தான் ஆவி மிகுதியாக எழும் என்பதால், முதல் 20 நிமிடத்தில் இந்த இழப்பு விதி சொல்வதற்கு மேலாகச் சேர்ந்துகொள்கிறது.

விதிக்கு எல்லை உண்டு என்பதையும் மகளுக்குச் சொல்லுங்கள். 1701-இல் பெயரிடாமல் வெளிவந்த கட்டுரையில், நியூட்டன் பழுக்கக் காய்ச்சிய இரும்பை அசைவற்ற காற்றில் வைக்கவில்லை. சீராக வீசும் காற்றில் வைத்தார். காற்று சீராக வீசும்போது விதி நன்றாகப் பொருந்தும். மிகை மிகப் பெரிதாகும்போது பொருந்தாது என்பதை பிரெஞ்சு அறிவியலாளர்கள் டூலோங்கும் பெட்டிட்டும் 1817-இல் காட்டினார்கள். ஆகவே காற்றோட்டம் மாறாமல் இருக்க, மின்விசிறியைச் சோதனையின் நடுவே போடவோ நிறுத்தவோ வேண்டாம்.

உங்கள் கடைசி இரண்டு விகிதங்களின்படி, மிகை பாதியாவதற்கு ஏறத்தாழ 22 நிமிடம் ஆகிறது. 33 டிகிரியிலிருந்து 25-க்கு இறங்க இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அடுத்த முறை பாத்திரத்தை மூடி, வெப்பமானியைப் பாத்திரத்துக்குச் சற்றுத் தள்ளி அதே உயரத்தில் வைத்து, ஒவ்வொரு முறையும் அறையின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மிகையின் மடக்கையை (log) நேரத்துக்கு எதிரே வரைபடத்தில் குறித்தால், புள்ளிகள் இம்முறை தொடக்கத்திலிருந்தே ஒரு நேர்க்கோட்டை நெருங்கி அமையும்.