வயிற்றை விடுங்கள், ஈறைக் கவனியுங்கள்

கேள்வி: எனக்கு வயது 34. தினமும் இரண்டு வேளை பல் தேய்க்கிறேன். ஆனாலும் வாய் நாறுகிறது என்று கணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அன்றிலிருந்து யாரிடம் பேசினாலும் கையால் வாயை மூடிக்கொள்கிறேன். வயிற்றுக் கோளாறாக இருக்கும் என்று நானே அசிடிட்டி மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். மவுத்வாஷ் கொப்பளித்தால் கொஞ்ச நேரம் தாங்குகிறது. பல் தேய்க்கும்போது சில சமயம் ரத்தமும் வருகிறது. என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, ரத்தம் வருகிறது என்று, அதுதான் முக்கியமான வரி. நல்ல நிலையில் இருக்கும் ஈறு, தேய்த்தால் கசியாது.

வாய் நாற்றம் என்றதும் எல்லோரும் வயிற்றைத்தான் சந்தேகிக்கிறார்கள். ஆனால் உணவுக்குழாய் விழுங்கும்போதும் ஏப்பம் விடும்போதும்தான் பெரும்பாலும் திறக்கிறது; மற்ற நேரம் பொதுவாக மூடித்தான் இருக்கும். பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு நாற்றம் வாயிலேயே பிறக்கிறது. காற்றுப்படாத இடுக்குகளில் வாழும் பாக்டீரியாக்கள், உணவுத் துணுக்குகளிலும் உதிர்ந்த செல்களிலும் உள்ள புரதத்தைச் சிதைத்துக் கந்தக வாயுக்களை வெளிவிடுகின்றன. அழுகிய முட்டையின் வாடையும் இதே கந்தகம்தான். ஆகவே இந்த நாற்றத்துக்காக அந்த மாத்திரை வேண்டாம். நெஞ்செரிச்சல் இருந்தால் மருத்துவரிடம் தனியாகக் காட்டுங்கள்.

பிரஷ் போகாத இடுக்குகள் மூன்று. நாக்கின் பின்பகுதி, இரண்டு பற்களுக்கு நடுவே, ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பள்ளம். நாக்கை வழிக்கும்போது நுனியோடு நிறுத்திவிடாதீர்கள். வெண்படலம் பின்னால்தான் தடிமனாகப் படியும். குமட்டினால் மூச்சை வெளியே விட்டபடி மெதுவாக வழியுங்கள். பல்லிடுக்குக்கு இரவில் ஒருமுறை ஃப்ளாஸ் நூல் போதும். இடைவெளி பெரிதாக இருந்தால் அதற்கென்றே சின்ன பிரஷ் இருக்கிறது. முதல் சில நாட்கள் ரத்தம் கூடுதலாகக் கசியலாம், பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

மூன்றாவது இடம் உங்கள் கைக்கு எட்டாதது. அங்கே படிந்து கெட்டியான காரையை எந்தப் பற்பசையாலும் கரைக்க முடியாது, பல் மருத்துவர்தான் ஸ்கேலிங் செய்து எடுக்க வேண்டும். ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்று பலரும் தள்ளிப்போடுகிறார்கள். எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு. பல்லைத் தாங்கும் எலும்பு ஏற்கெனவே கரைந்திருந்தால், காரை போனதும் அந்த ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். எலும்பைக் கரைப்பது ஈறு நோய். ஈறுப் பள்ளத்தின் ஆழத்தை அளந்து சொல்லும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.

சாதாரண மவுத்வாஷ் பெரும்பாலும் வாசனையால் நாற்றத்தை மூடுகிறது. ஆல்கஹால் கலந்தது சிலருக்கு வாயை இன்னும் உலர்த்திவிடும். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி உள்ளது நன்றாக வேலை செய்யும், ஆனால் நாள்பட உபயோகித்தால் பல்லில் கறை படியும். மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் போதும்.

அப்புறம், எச்சில். வாயைக் கழுவிக்கொண்டே இருப்பது அதுதான். தூக்கத்தில் அது குறைவதால்தான் காலையில் எல்லோருக்குமே வாடை அடிக்கிறது. வாயால் மூச்சு விடுவது, தண்ணீர் குடிக்காமல் இருப்பது, ஒவ்வாமைக்கும் மன அழுத்தத்துக்கும் எடுக்கும் சில மாத்திரைகள் எல்லாமே வாயை உலர்த்தும். சர்க்கரை சேர்க்காத சூயிங்கம் மென்றால் எச்சில் ஊறும்.

இத்தனையும் செய்து, பல் மருத்துவரும் வாய் சுத்தமாக இருக்கிறது என்று சொன்ன பிறகும் நாற்றம் நீடித்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். டான்சில் குழிகளில் சேரும் வெள்ளைக் கற்களும் சைனஸ் சீழும் அவர் கண்ணில்தான் படும். சர்க்கரை அளவையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள், கட்டுப்படாத சர்க்கரை ஈறு நோயை வளர்க்கும்.

குறைந்துவிட்டதா என்று உங்கள் மூக்கால் கண்டுபிடிக்க முடியாது, அதற்கு அந்த வாடை பழகிப்போயிருக்கும். கடைவாய்ப் பல்லில் விட்டு எடுத்த நூலை முகர்ந்தால் ஓரளவு தெரியும். அதைவிட, சில வாரம் கழித்து உங்கள் கணவரிடமே கேட்டுவிடுங்கள்.